பேட்ஜைக் கடைசியாகக் கேளுங்கள்



பழைய கார்களைப் போற்றி வைத்திருப்பவர்கள், வாங்க ஆசைப்படுபவர்கள், அவற்றைப் பிரித்துப் பூட்டிப் பழகிய கைகளுக்குச் சொந்தக்காரர்கள் என எல்லோரும் கூடியிருக்கும் இந்த அரங்கில் இன்று எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஒரு சொகுசுக் காரின் ரேடியேட்டர் நெற்றியில் இருக்கும் பேட்ஜ். பானெட்டின் உச்சியில் நிற்கும் சிலை. கதவைத் திறந்தால் காலடியில் தெரியும் தகடு. டேஷ்போர்டின் மரப் பலகை, விளக்கைச் சுற்றிய வளையம், அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ. இவை கார் பிறந்த அன்றே அதோடு வந்தவையா? அல்லது பின்னாளில் யாரோ மாட்டியவையா? இதுதான் கேள்வி.

எஞ்சினை மாற்ற வேண்டுமானால் ஆள் வேண்டும், சங்கிலிக் கப்பி வேண்டும், பல நாள் உழைப்பு வேண்டும். பேட்ஜை மாற்ற ஒரு ஸ்க்ரூடிரைவரும் ஐந்து நிமிடமும் போதும். ஆனால் காரைப் பார்க்க வருகிறவரின் கண் முதலில் எங்கே போகிறது? பேட்ஜுக்குத்தான். விலையை எது ஏற்றுகிறது? பேட்ஜ்தான். மாற்றுவதற்கு எல்லாவற்றிலும் எளிதானது எதுவோ, அதையே முதல் சாட்சியாக அழைத்துக்கொண்டிருக்கிறோம். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். சேஸிஸைக் கேளுங்கள். எஞ்சினைக் கேளுங்கள். தொழிற்சாலை ஏட்டைக் கேளுங்கள். ஸ்க்ரூ போன ஓட்டையைக் கேளுங்கள். பேட்ஜைக் கடைசியாகக் கேளுங்கள்!

பென்ட்லியை எடுத்துக்கொள்வோம். டபிள்யூ. ஓ. பென்ட்லி 1919-இல் தொடங்கிய கம்பெனி அது. தொழிற்சாலை லண்டனின் கிரிக்கிள்வுட்டில் இருந்தது. முதல் 3 லிட்டர் கார் 1921-இல் வாடிக்கையாளர் கைக்குப் போனது. அதன் நெற்றியில் சிறகு விரித்த 'பி' எழுத்து. வரைந்தவர் மோட்டார் ஓவியங்களுக்குப் பேர்போன கார்டன் கிராஸ்பி. அந்தச் சிறகில் ஒரு நுட்பம் இருக்கிறது. வலப்பக்க இறகுகளின் எண்ணிக்கையும் இடப்பக்க இறகுகளின் எண்ணிக்கையும் ஒன்றல்ல. போலி செய்கிறவன் ஒரு பக்கத்தை வரைந்து அதையே மறுபக்கமும் திருப்பிப் போடுவான். எண்ணிப் பார்த்தால் அகப்பட்டுக்கொள்வான். கார் விற்பனைக்கு வரும் முன்பே போலியைப் பற்றி யோசித்து வரைந்த சின்னம் அது.

சின்னத்தைவிட முக்கியமானது அதன் நடுவில் இருக்கும் எனாமலின் நிறம்; அதை 'லேபிள்' என்பார்கள். நீலம் என்றால் சாதாரண 3 லிட்டர். சிவப்பு என்றால் 'ஸ்பீடு' மாடல், இரட்டை எஸ்.யு. கார்பரேட்டர், கூடுதல் கம்ப்ரஷன். பச்சை என்றால் 'சூப்பர் ஸ்போர்ட்ஸ்', மணிக்கு 100 மைல் ஓடும் என்று கம்பெனியே உத்தரவாதம் கொடுத்த கார். 3 லிட்டர் கார்கள் மொத்தம் 1,600-க்கு மேல் செய்யப்பட்டன. அவற்றில் பச்சை லேபிள் இருபதைக்கூடத் தொடவில்லை. இப்போது நினைத்துப் பாருங்கள். நீல லேபிள் காருக்கும் சிவப்பு லேபிள் காருக்கும் நடுவே முதல் பார்வையில் தெரியும் வித்தியாசம் கட்டைவிரல் அகலத்து எனாமல். நூறு ஆண்டுகளில் எத்தனை கைகளுக்கு ஆசை வந்திருக்கும்?

அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் பென்ட்லியைப் பார்க்கப் போகும்போது டேப் எடுத்துப் போகிறார்கள். முன் அச்சிலிருந்து பின் அச்சு வரை அளக்கிறார்கள். பச்சை லேபிளின் சேஸிஸில் அந்த அளவு 9 அடி. சிவப்பு லேபிளில் 9 அடி 9½ அங்குலம். நீல லேபிளில் பிற்பாடு வந்த நீண்ட சேஸிஸ் 10 அடி 10 அங்குலம். பச்சை லேபிளுக்கு ரேடியேட்டரே கீழ்நோக்கிச் சற்றுக் குறுகும். 10 அடி 10 அங்குலம் காட்டும் சேஸிஸின் நெற்றியில் சிவப்பு எனாமல் மின்னினால், கேள்வி கேட்டே ஆக வேண்டும். சேஸிஸை அறுத்துக் குட்டையாக்கிய கார்களும் உண்டு. ஆகவே அளவு சரியாக இருந்தாலும் சேஸிஸ் எண்ணையும் ஏட்டையும் பார்த்தாக வேண்டும். நிறத்தை வைத்து மட்டும் முடிவு கட்டவும் முடியாது. பிற்காலத்து ஸ்பீடு சிக்ஸ் காருக்கும் பச்சைதான். 4½ லிட்டர் கார்களில் பெரும்பாலும் கறுப்பு. எந்த மாடலில் எந்த நிறம் எதைக் குறிக்கும் என்று தெரியாமல் நிறத்தைப் பார்ப்பதில் பயனில்லை.

இங்கே ஓர் அடிப்படைச் சிக்கல் வருகிறது. தொழிற்சாலையிலிருந்து வந்த ஒரிஜினல் என்கிறோம். எந்தத் தொழிற்சாலை?

அந்தக் காலத்துப் பென்ட்லியும் ரோல்ஸ் ராய்ஸும் முழுக் காரை விற்கவில்லை. சேஸிஸ், எஞ்சின், ரேடியேட்டர், பானெட் இவற்றை மட்டும் கொடுத்தார்கள். மேலே உடல் கட்டுவது வேறு கம்பெனியின் வேலை. பார்க்கர், ஹூப்பர், பார்க் வார்டு, எச். ஜே. முல்லினர், வாண்டன் பிளாஸ் என்று பெரிய பெயர்கள். ரோல்ஸ் ராய்ஸ் தன் பெயரில் இரும்பு உடலோடு முழுக் காராகக் கொடுத்தது 1949-இல் வந்த சில்வர் டான் காலத்தில்தான். அப்படியானால் 1925-ஆம் ஆண்டுக் காரின் கதவுக் கைப்பிடியை ரோல்ஸ் ராய்ஸ் தொழிற்சாலை ஏட்டில் தேடினால் கிடைக்குமா? கிடைக்காது. அதற்கு உடல் கட்டியவரின் கணக்கைத்தான் தேட வேண்டும்.

உடல் கட்டியவர்கள் தங்கள் வேலைக்கும் எண் போட்டார்கள். மரச் சட்டத்தில், இருக்கைக்கு அடியில், கதவின் மேல்பலகைக்குப் பின்னால் அந்த எண்ணை அச்சடித்தோ பென்சிலால் எழுதியோ வைத்தார்கள். பலகைகள் ஒன்றுக்கொன்று மாறிப்போகாமல் இருக்கத் தொழிலாளி தன் வசதிக்காகச் செய்தது அது. இன்று அதைவிட நல்ல சாட்சி கிடையாது. யாரையும் நம்பவைப்பதற்காக எழுதப்படாத எழுத்து என்பதே அதன் பலம். வாசற்படித் தகட்டை இன்று புதிதாக வார்த்துவிடலாம். கதவுப் பலகையின் முதுகில் நூறாண்டாக இருட்டில் கிடந்த பென்சில் கோட்டைப் போலி செய்யத் துணிகிறவர் குறைவு. பலகையைக் கழற்றிப் பார்க்க உரிமையாளர் ஒப்புக்கொள்கிறாரா? காரைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

உடல் கட்டுவது இங்கிலாந்தோடு நின்றுவிடவுமில்லை. சென்னையில் 1840-இல் குதிரை வண்டி கட்டத் தொடங்கிய சிம்ப்சன் கம்பெனி மோட்டார் வந்ததும் மோட்டாருக்கும் உடல் கட்டியது. சேஸிஸ் கப்பலில் வந்தது. உடல் இங்கே எழுந்தது. ஆகவே சீமைக் காரில் உள்ளூர் பெயர்த் தகடு இருந்தாலே டூப்ளிகேட் என்று கை உதறிவிடக் கூடாது. அதுதான் அந்தக் காரின் முதல் உடலாக இருக்கலாம். ஐதராபாத் சௌமஹல்லா அரண்மனையில் நிற்கும் மஞ்சள் நிற ரோல்ஸ் ராய்ஸையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஆறாவது நிஜாம் மஹபூப் அலி கானுக்காக ஆர்டர் செய்யப்பட்டு, 1912-இல் பார்க்கர் கம்பெனி உடல் கட்டிய சில்வர் கோஸ்ட் அது. நடுவில் அரியணை போல உயர்ந்த ஓர் ஆசனம். அதை எந்த விலைப் பட்டியலிலும் தேட முடியாது. ஆனால் அந்தக் காருக்கு அதைவிட ஒரிஜினல் வேறொன்று உண்டா?

அடுத்து, பானெட்டின் உச்சிக்கு வருவோம். காற்றில் ஆடை பறக்க முன்னோக்கிச் சாய்ந்து நிற்கும் அந்தப் பெண் சிலை, ஸ்பிரிட் ஆஃப் எக்ஸ்டஸி. உலகத்தில் இவ்வளவு திருடப்பட்ட, இவ்வளவு போலி செய்யப்பட்ட கார்ச் சிலை இன்னொன்று இருக்குமா என்பது சந்தேகம்.

அது பிறந்ததற்குக் காரணமே கண்ட பொம்மைகளின் மீது வந்த எரிச்சல்தான். கார் வாங்கியவர்கள் தம் இஷ்டத்துக்குப் பொம்மைகளை ரேடியேட்டர் மூடியில் மாட்டிக்கொண்டார்கள். கம்பெனியின் நிர்வாகி கிளாட் ஜான்சனுக்கு அது பிடிக்கவில்லை. சிற்பி சார்லஸ் சைக்ஸை அழைத்தார். 1911 பிப்ரவரி 6-ஆம் தேதி சிலை பதிவானது. தொடக்க காலத்தில் மெழுகு வார்ப்பு முறையில் சைக்ஸே ஒவ்வொன்றையும் கவனித்து முடித்துக் கொடுத்தார். பின்னர் அவர் மகள் ஜோசபின் அந்த வேலையில் சேர்ந்தார். கைவேலை என்பதால் அந்தக் காலத்துச் சிலைகளில் ஒன்று மற்றொன்றின் அச்சு நகலாக இருக்காது. ஆடை மடிப்பில், விரல் நுனியில், முகத்தில் சிறு வேறுபாடு தெரியும்.

ஒரிஜினல் சிலையைக் கையில் வாங்கியவர் முதலில் எதைப் பார்க்க வேண்டும்? முகத்தையா? இல்லை, பாதத்தை. அடிப்பீடத்தில் சைக்ஸின் கையெழுத்தும் 1911 என்ற ஆண்டும் பொறித்திருக்கும். அந்த எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா, சோப்பில் எழுதியது போல மழுங்கிக் கிடக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். நல்ல சிலையிலிருந்து அச்செடுத்து வார்த்த நகலில் எழுத்தும் சேர்ந்தே வரும், ஆனால் மழுங்கி வரும். உலோகம் ஆறும்போது சுருங்குவதால் நகல் தன் மூலத்தைவிட ஒரு நூலளவு சிறியதாகவும் இருக்கும். அளவுகோல் இதைச் சொல்லிவிடும். அதற்கு ஒப்பிட ஓர் உறுதியான ஒரிஜினலின் அளவு கையில் இருக்க வேண்டும். இந்த அளவுகளைச் சேகரித்து வைப்பதே பழைய கார் சங்கங்கள் செய்யும் பெரிய தொண்டு. பாதத்தை நெடுநேரம் பாருங்கள், அவசரம் வேண்டாம்.

சிலை உண்மையானதாகவே இருந்தாலும் அது அந்தக் காருக்கு உரியதா என்பது தனிக் கேள்வி. 1911-ஆம் ஆண்டுச் சிலை உயரமானது. பின்னால் வந்தவை படிப்படியாகச் சிறுத்தன. 1934 ஜனவரியில் மண்டியிட்ட கோலத்தில் ஒரு சிலை வந்தது. போருக்குப் பிந்தைய சில்வர் ரெய்த், சில்வர் டான் கார்களின் மேல் வழக்கமாக இருந்தது அந்த மண்டியிட்ட சிலைதான். நின்ற கோலம் 1955-இல் சில்வர் கிளவுடு காரோடு திரும்பியது. 1950-ஆம் ஆண்டு சில்வர் டான் ஒன்றின் மேல் அந்த அம்மை நிமிர்ந்து நின்றால், எங்கிருந்து வந்தாள் என்று விசாரிக்க வேண்டும். மறுபுறம், ஆரம்பகாலச் சில்வர் கோஸ்டில் சிலையே இல்லை என்றால் அதைக் குறையாகச் சொல்லக் கூடாது. தொடக்க ஆண்டுகளில் கேட்டவர்களுக்குத்தான் அதைக் கொடுத்தார்கள். இல்லாத ஒன்றை வாங்கி மாட்டினால்தான் அந்தக் கார் கெடும்.

ரேடியேட்டரில் இருக்கும் இரட்டை 'ஆர்' பற்றியும் ஒரு சொல். முதலில் சிவப்பு, 1930-களின் தொடக்கத்தில் கறுப்பானது. 1933 ஏப்ரலில் ஹென்றி ராய்ஸ் இறந்ததற்குத் துக்கம் காட்டிக் கறுப்பாக்கினார்கள் என்று ஒரு கதை உலகம் முழுக்கச் சொல்லப்படுகிறது. உருக்கமான கதைதான். உண்மை வேறு. வாடிக்கையாளர்கள் காருக்குத் தேர்ந்தெடுத்த வண்ணங்களோடு சிவப்பு ஒட்டவில்லை என்பதால், ராய்ஸ் உயிரோடு இருந்தபோதே எடுத்த முடிவு அது. இந்தக் கதையை நம்பி, ராய்ஸ் இறந்த தேதியை எல்லைக் கோடாக வைத்துக் காரைச் சோதிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நல்ல காரின் நல்ல பேட்ஜைத் தவறு என்று கழற்றிப்போட ஒரு கட்டுக்கதை போதும். கதையை வைத்துக் காரைச் சோதிக்காதீர்கள்; காரை வைத்துக் கதையைச் சோதியுங்கள்!

உலோகம் பேசும் மொழியைக் கொஞ்சம் கேட்போம். குரோமிய முலாம் கார்களுக்குப் பரவலாக வந்தது 1920-களின் கடைசியில். அதற்கு முன் நிக்கல். இரண்டையும் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாரும் தவறவிட முடியாது. நிக்கலில் இளமஞ்சள் சூடு ஒன்று இருக்கும். குரோமில் நீலம் பாய்ந்த குளிர்ச்சி. 1922-ஆம் ஆண்டுக் காரின் விளக்கு வளையம் நீலமாகப் பளபளத்தால் அது பின்னாள் முலாம். வளையம் பழையதாகவே இருக்கலாம், மேற்பூச்சு புதிது. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வதே நேர்மையான மதிப்பீடு.

ஸ்க்ரூவைப் பாருங்கள். தலையில் கூட்டல் குறி போட்ட பிலிப்ஸ் ஸ்க்ரூவுக்குக் காப்புரிமை கிடைத்தது 1936-இல். கார்த் தொழிலில் அதை முதலில் எடுத்துக்கொண்டது அமெரிக்காவின் காடிலாக். அப்படியிருக்க 1928-ஆம் ஆண்டு ஆங்கிலக் காரின் பேட்ஜைக் கூட்டல் குறித் தலை பிடித்திருந்தால் என்ன பொருள்? யாரோ திறந்திருக்கிறார்கள். ஒற்றைக் கோட்டுத் தலை இருந்தாலும் மரையைப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்துப் பெரும்பாலான ஆங்கிலக் கார்களில் அங்குலக் கணக்கில் மரை. அப்படிப்பட்ட காரில் மெட்ரிக் மரை ஏறியிருந்தால் அது மிகவும் பின்னால் வந்த கை.

எனாமலைத் தொட்டுப் பாருங்கள். பழைய பேட்ஜின் நிறம் பெயிண்ட் அல்ல. செம்பின் மேல் கண்ணாடித் தூளைப் பரப்பி, ஏறக்குறைய 800 டிகிரி சூளையில் உருக்கிப் படியவைத்தது. தொட்டால் ஜில்லென்று இருக்கும். உடைந்தால் கண்ணாடி போலச் சில்லாகத் தெறிக்கும். உடைந்த இடத்தில் ஓரம் கூர்மையாகத் தெரியும். ரெசின் ஊற்றிய நகலில் மேற்பரப்பு லேசாக உப்பியிருக்கும், உரசலில் மங்கும், ஓரத்தில் சிறு காற்றுக் குமிழ் சிக்கியிருக்கும். ஊசியால் குத்திச் சோதிப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உண்மையானதாக இருந்தால் அந்தக் கீறல் என்றைக்கும் போகாது.

பேட்ஜைவிட அது இருந்த இடம் அதிகம் சொல்லும். பல ஆண்டுகள் வெயில்பட்ட பெயிண்டில், பேட்ஜுக்கு அடியில் மறைந்திருந்த பகுதி மட்டும் ஆழ்ந்த நிறத்தில் நிற்கும். அந்த நிழலின் வடிவமும் பேட்ஜின் வடிவமும் ஒன்றா? உள்பக்கம் டார்ச் அடித்தால் அடைத்த ஓட்டைகள் உண்டா? இரண்டே ஸ்க்ரூ உள்ள பேட்ஜுக்குப் பின்னால் நான்கு ஓட்டைகள் இருந்தால், அங்கே ஒரு காலத்தில் வேறொன்று இருந்தது.

பிற்காலக் கார்களில் இதே ஏமாற்று வேறு உருவத்தில் வருகிறது. மெர்சிடஸ் பென்ஸ் 300 எஸ்.இ.எல். 6.3 என்ற கார் 1968 முதல் 1972 வரை விற்றது. பார்வைக்கு அமைதியான நான்கு கதவுக் கார். உள்ளே பிரம்மாண்டமான 600 லிமூசினின் எட்டு சிலிண்டர் எஞ்சின். அதன் வம்சத்துச் சாதாரணக் கார்களிலிருந்து அதைப் பிரித்துக் காட்டும் அடையாளங்களில் முதன்மையானது டிக்கி மேல் இருக்கும் '6.3' என்ற சிறு எழுத்து. அந்த எழுத்தைக் கடையில் வாங்கலாம். சேஸிஸ் எண் 109.018 என்று தொடங்குவதைக் கடையில் வாங்க முடியாது.

ஏடுகள் எங்கே இருக்கின்றன? ரோல்ஸ் ராய்ஸ் சேஸிஸ் அட்டைகளை இங்கிலாந்தின் பாலர்ஸ்பரி கிராமத்தில் ஹண்ட் ஹவுஸ் என்ற இடத்தில் அந்தக் காரின் ஆர்வலர் சங்கம் பேணிவருகிறது. யாருக்காகக் கட்டியது, எஞ்சின் எண் என்ன, எந்தக் கம்பெனி உடல் கட்டியது என்ற விவரங்களை அங்கிருந்து பெறலாம். மெர்சிடஸுக்கு ஒவ்வொரு காருக்கும் டேட்டா கார்டு. பெயிண்ட், சீட் துணி, கேட்டு வாங்கிய கூடுதல் பொருட்கள் எல்லாம் குறியெண்ணாக அதில் இருக்கும். ஃபெராரி கம்பெனி தானே சோதித்துச் சான்று தருகிறது. இந்த ஏடுகளை வாங்கிப் படிக்காமல் பணத்தை எண்ணக் கூடாது. அவற்றுக்கும் எல்லை உண்டு. கார் தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்ட நாளைத்தான் அவை சொல்லும். அதன் பிறகு நடந்ததை ரசீதுகளும் பழைய புகைப்படங்களும்தான் சொல்ல வேண்டும்.

அந்தப் "பிறகு நடந்தது" எவ்வளவு பெரிய விஷயம் என்பதை லண்டன் உயர் நீதிமன்றம் 1990-இல் விசாரித்தது. 'ஓல்டு நம்பர் ஒன்' என்று பெயர் பெற்ற பென்ட்லி ஸ்பீடு சிக்ஸ் பற்றிய வழக்கு. 1929, 1930 இரண்டு ஆண்டும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற கார். பிறகு அதில் 8 லிட்டர் எஞ்சின் ஏறியது. 1932-இல் புரூக்லாண்ட்ஸ் பந்தயத்தில் நடந்த விபத்தில் ஓட்டுநர் கிளைவ் டன்ஃபீ உயிரிழந்தார். அதன் பின் மீண்டும் கட்டப்பட்டது, மீண்டும் மாறியது. அந்தக் காரை ஒரு கோடி பவுண்டுக்கு விற்க ஒப்பந்தமானபோது, இது வென்ற கார்தானா என்று வாங்க வந்தவர்கள் மறுத்தார்கள். வென்ற நாளில் இருந்த பாகங்களில் மிகச் சிலவே எஞ்சியிருந்தன என்பதை நீதிபதி ஓட்டன் ஏற்றுக்கொண்டார். ஆனாலும் கார் ஒரே தொடர்ச்சியாக வாழ்ந்து மாறிவந்திருக்கிறது, அந்தப் பெயருக்கு உரிமை கோரும் வேறொரு கார் இல்லை, ஆகவே இதுதான் ஓல்டு நம்பர் ஒன் என்று விற்றவர் பக்கம் தீர்ப்பளித்தார். எந்த ஆண்டில் எந்தப் பாகம் போனது, எது வந்தது என்று வரிசையாகக் காட்ட முடிந்ததால் கார் தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டது.

நம் நாட்டிலும் இப்போது சட்டம் இதைத் தொட்டிருக்கிறது. 2021-இல் வந்த மோட்டார் வாகன விதித் திருத்தம் 50 ஆண்டைக் கடந்த வாகனங்களை விண்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்கிறது, 'வி.ஏ.' எழுத்தோடு எண் தருகிறது. சேஸிஸ், உடல், எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றமில்லாமல் மூல வடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பேட்ஜையும் டிரிம்மையும் பற்றி அந்த நிபந்தனையில் பேச்சில்லை. அதனால் அவற்றைக் காக்கும் பொறுப்பு முழுக்க உரிமையாளர் கையில்தான் இருக்கிறது.

ஒரிஜினல் தொலைந்துபோயிருந்தால் நகல் மாட்டுவது குற்றமா? குற்றமில்லை. நகல் என்று சொல்லாமல் இருப்பதுதான் குற்றம். உலகப் பழைய வாகனக் கூட்டமைப்பான ஃபீவா 2012-இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம், மாற்றிய பாகத்தில் அடையாளம் இட வேண்டும், செய்த வேலையை எழுதி வைக்க வேண்டும் என்று கேட்கிறது. நகல் பேட்ஜின் முதுகில் ஆண்டையும் நகல் என்ற சொல்லையும் பொறித்துவிட்டால் போதும். ஐம்பது ஆண்டு கழித்து அதைக் கழற்றுகிறவருக்கு ஒரு சந்தேகமும் வராது.

வேலைக்குக் கார் விடுகிறவர்களுக்குக் கடைசியாக ஒரு வேண்டுகோள். பெரும்பாலான ஒரிஜினல்கள் திருட்டில் போவதில்லை. பாலிஷ் சக்கரத்திலும் முலாம் தொட்டியிலும்தான் போகின்றன. மங்கிய நிக்கலைக் கண்டதும் புதுக் குரோம் போட்டுத் தருகிறேன் என்று சொல்லும் பட்டறையிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். பேட்ஜைக் கழற்றும் முன் முன்னும் பின்னும் படம் எடுங்கள். கழற்றிய ஸ்க்ரூக்களை எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று சீட்டெழுதித் தனித்தனிப் பையில் போடுங்கள். பழைய சீட் தோலைக் கிழித்தால் ஒரு கைப்பிடித் துண்டையாவது பத்திரப்படுத்துங்கள். கதவுப் பலகையின் முதுகைத் தேய்க்க விடாதீர்கள்; அங்கே பென்சிலால் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று, வேலை தொடங்கும் முன் நீங்களே டார்ச் அடித்துப் பாருங்கள்.